நடக்கிறவரைக் கூப்பிடாதீர்கள்: வீட்டுப் பெரியவர்கள் விழாமல் இருக்க

பெரியவர் விழுந்துவிட்டார் என்று கூப்பிடும் வீடுகளுக்குப் போனால், விழுந்த நேரத்தில் அவர் வேறு என்ன செய்துகொண்டிருந்தார் என்று தவறாமல் கேட்பேன். மதுரையில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் தொழில். செல்லூர், தத்தனேரி, வில்லாபுரம், அண்ணா நகர், சில நாள் அலங்காநல்லூர், மேலூர் வரைக்கும் வண்டி போகும். எல்லா ஊரிலும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. "காபி டம்ளரோட நிலைப்படியைத் தாண்டுனாங்க." "சிலிண்டர்காரர் பெல் அடிச்சாரு, எந்திரிச்சுப் போனாரு." "பேரன் பின்னாடி இருந்து கூப்பிட்டான், திரும்புனாரு." "செல் அடிச்சது."

அந்த நிலைப்படியை அவர் நாற்பது வருஷமாகத் தாண்டியவர். கால் அன்றைக்கு மட்டும் திடீரென்று கெட்டுப்போகவில்லை. நடையோடு இன்னொரு வேலை வந்து சேர்ந்துகொண்டது. மூளையால் இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை. விழுவதைத் தடுக்க வேண்டும் என்றால் முழங்காலைப் பார்ப்பது போலவே யோசிக்கும் திறனையும் பார்க்க வேண்டும் என்று நான் வீட்டுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அதைப் பார்க்க ஸ்கேன் தேவையில்லை. ஒரு சாக்பீஸும் செல்போனில் இருக்கும் ஸ்டாப் வாட்ச்சும் போதும்.

நடைக்கும் யோசனைக்கும் என்ன சம்பந்தம்

இளவயதில் நடப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எழுபதை நெருங்கும்போது கண் தரும் தகவல், பாதத்தின் உணர்ச்சி, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும் செய்தி மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகின்றன. பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதம் இன்னும் மரத்திருக்கும். இந்தக் குறையை மூளையின் முன்பகுதி கவனத்தைச் செலுத்தி ஈடுகட்டுகிறது. திட்டம் போடுவது, அவசரத்தை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, மனக்கணக்கு எல்லாம் அதே முன்பகுதியின் பொறுப்புதான். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குழாயைத் திறந்தால் மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வருமே, அதேபோல் பேச்சுக்குக் கவனம் போனால் காலுக்குப் போகிற கவனம் குறைந்துவிடுகிறது. அப்போது நடை மெதுவாகும், அடி சிறிதாகும், கால் தூக்கும் உயரம் குறையும். மிதியடியின் ஓரத்தில் விரல் மாட்டுவது அப்போதுதான்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. "எங்க அப்பாவுக்கு ஞாபகம் பிரமாதம், என் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று இன்னைக்கும் சொல்லுவார்" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் விழுவதோடு நெருக்கமாகச் சேர்ந்திருப்பது பழைய ஞாபகம் அல்ல. கவனத்தைப் பிரித்துக் கொடுக்கும் திறன், சட்டென்று முடிவெடுக்கும் வேகம், தன்னால் இது முடியுமா என்று அளந்து பார்க்கும் நிதானம், இவைதான். மொய்க் கணக்கை ஒப்பிக்கிறவருக்கும் இவை குறைந்திருக்கலாம்.

1997-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மிக எளிமையான ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நிற்காமல் பேசியவர்களிலும் சிலர் விழுந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே நிற்காதவருக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிற்கிறவருக்கு ஆபத்து இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

வீட்டிலேயே அளப்பது எப்படி

பிடிக்காமல் நிற்க முடியாதவர், தலைசுற்றல் உள்ளவர், போன மாதம்தான் விழுந்தவர் என்றால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோ பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மற்றவர்களுக்குச் செய்யலாம்.

நேரான இடம் ஆறு மீட்டர் வேண்டும். இப்போது போடுகிற இரண்டடி டைல்ஸ் என்றால் பத்து டைல்ஸ் நீளம். கூடத்தில் இல்லாவிட்டால் மொட்டை மாடி, வெயில் ஏறுவதற்கு முன். முதல் ஒரு மீட்டரில் ஒரு கோடு, கடைசி ஒரு மீட்டருக்கு முன்னால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் நான்கு மீட்டர் இருக்கும். நேரம் பார்ப்பது அந்த நடுப்பகுதிக்கு மட்டும். நடை பிடிக்க முதல் மீட்டரும், நிற்க கடைசி மீட்டரும்.

தினமும் போடும் செருப்பு, தினமும் பிடிக்கும் கைத்தடி, கண்ணாடி எல்லாம் இருக்கட்டும். "டெஸ்ட்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி நிமிர்ந்து வேகமாக நடப்பார்கள். "அப்பத்தா, கடைக்குப் போற மாதிரி அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றால் போதும். நீங்கள் பக்கத்தில், அரை அடி பின்னால், அவருக்குப் பலவீனமான பக்கமாக நடக்க வேண்டும். முன்னால் போய் நின்று கையை நீட்டிக் கூப்பிடக் கூடாது. அப்படிக் கூப்பிட்டால் உடம்பு முன்னால் சாயும். நேரம் பார்க்க இன்னொருவர் இருந்தால் நல்லது. இரண்டு தடவை நடக்க வைத்து, குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு மீட்டரை நான்கு விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். தசைக்குறைவு பற்றி ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த வரையறையில், இதற்குக் குறைந்தால் மெதுவான நடை. ஐந்து விநாடி ஆனால் 0.8 மீட்டர். ஐரோப்பியக் குழு கோடு போட்டது அங்கே. ஏழு விநாடியை நெருங்கினால் வேகம் 0.6-க்கும் கீழே வந்துவிடும். அந்த வேகத்தில் நடப்பவரை யாரும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். 2011-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், ஒன்பது ஆய்வுகளைச் சேர்ந்த 34,485 முதியவர்களின் கணக்கு வெளியானது. விநாடிக்கு 0.1 மீட்டர் வேகம் கூடுகிற ஒவ்வொரு படியிலும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு, மூளை எல்லாம் சேர்ந்து போடும் கையெழுத்து நடைவேகம். அதனால்தான் அதை அளந்து வைக்கச் சொல்கிறேன்.

சரி, வேகமாக நடக்கிறவர் தப்பித்தாரா? அதுவும் இல்லை. பாஸ்டன் நகரத்து முதியவர்களிடம் நடந்து, அதே 2011-இல் வெளியான ஆய்வில் இரண்டு ஓரங்களில் இருப்பவர்களும் அதிகம் விழுந்தது தெரிந்தது. மெதுவாக நடக்கிறவர்கள் வீட்டுக்குள் விழுந்தார்கள், வேகமாக நடக்கிறவர்கள் வெளியே விழுந்தார்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடக்கிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நடைபாதையில் பெயர்ந்த கல்லும், குறுக்கே வரும் பைக்கும் அவர்களுக்குத்தான் ஆபத்து.

இவர்களில் நான் மிகவும் பயப்படுவது, கால் வேகமாக இருந்து நிதானம் குறைந்தவர்களைப் பார்த்து. மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கும் சிலர் தன் உடம்பால் என்ன முடியும் என்ற கணக்கை இழந்துவிடுவார்கள். ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் கை வைப்பார்கள், ஈரத் தரையில் அதே வேகத்தில் போவார்கள். இவர்களிடம் "பார்த்துப் போங்க" என்று சொல்லிப் பயனில்லை. ஸ்டூலைக் கண்ணில் படாமல் எடுத்து வைப்பதுதான் வழி.

பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது

வேகம் தெரிந்த பிறகு, அதே கோட்டில் அவரை மறுபடி நடக்க விட்டு யோசிக்கிற மாதிரி ஒரு வேலை கொடுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்பது போதாது. "ஆச்சு" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்களில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். நம்மூர்ப் பெரியவர்களுக்கு நான் கொடுப்பது வேறு. தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னால் சொல்லச் சொல்வேன். அல்லது மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளை வெளியே இருந்து உள்ளே சொல்லச் சொல்வேன்: வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி. பேரன் பேத்திகளின் பெயரைக் கடைக்குட்டியிலிருந்து மேலே வரச் சொல்லலாம். பள்ளிக்கூடம் போகாத அம்மாக்களுக்கு இதுதான் சரிப்படும்.

செல்லூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டு அப்பத்தா. கூடத்திலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் கோடு போட்டிருந்தேன். சும்மா நடந்தபோது ஐந்து விநாடி. நடையில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. மாதத்தைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். "பங்குனி, மாசி, தை" வரைக்கும் கால் ஓடியது. "மார்கழி" என்றதும் அடி குறுகியது. அடுத்த மாதம் வரவில்லை. வலது கை தானாகச் சுவரைத் தேடியது, இரண்டு காலும் சேர்ந்து நின்றுவிட்டன. மேலே பார்த்து "கார்த்திகை" என்று சொன்ன பிறகுதான் வலது கால் முன்னால் வந்தது. அதற்குள் எட்டு விநாடி ஆகிவிட்டது. அவருடைய மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடுப்படியில இருந்து நான் கத்துறப்பெல்லாம் இப்படித்தான் நிப்பாங்க" என்றார்.

நீங்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். கால் நிற்கிறதா, கை சுவரைத் தேடுகிறதா, அடி குறுகுகிறதா, பக்கவாட்டில் சாய்கிறாரா. நேரத்தையும் ஒப்பிடுங்கள். சும்மா நடந்தபோது ஐந்து விநாடி ஆனவருக்குப் பேசும்போது ஆறேகால் விநாடி ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கனடாவிலிருந்து 2017-இல் வெளியான ஆய்வில், லேசான மறதி உள்ளவர்களில் இப்படி 20 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்தவர்கள் பிற்பாடு மறதி நோய்க்குப் போகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. காலை நிறுத்தாமல் யோசனையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஒரு மாதமும் சொல்லாமல் மௌனமாக நடந்து முடிப்பார்கள். அவர்களுடைய மூளை காலைக் காப்பாற்றும் பக்கம் போகிறது. விழாமல் இருக்க அது நல்ல பழக்கம்தான்.

நடை மெதுவாகிவிட்டது, கூடவே "முன்னே மாதிரி ஞாபகம் இல்ல" என்று அவரே சொல்கிறார், ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார். இந்த இரண்டும் சேர்ந்த நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் 2013-இல் அதை வரையறுத்தார். பக்கத்திலேயே கோழிக்கோட்டிலும் அவருடைய குழு முதியவர்களிடம் ஆய்வு நடத்தியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தேவை இரண்டே: நடையை அளக்க ஒரு கடிகாரம், ஞாபகம் பற்றி ஒரு கேள்வி. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மறதி நோயும் விழுவதும் இரண்டும் கூடுதலாக வருகின்றன. மறதியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு நடையை விடுவதும், மூட்டுவலி மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டு மறதியை விடுவதும்தான் வீடுகளில் நடக்கிறது. இரண்டையும் ஒரே மருத்துவரிடம், ஒரே நாளில் சொல்லுங்கள்.

அன்றாடத்தில் மாற்ற வேண்டியது

அவர் நடக்கும்போது கூப்பிடாதீர்கள். பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. எதிரே வந்து, அவர் நின்ற பிறகு பேசுங்கள். வீட்டில் எல்லாரும், வேலைக்கு வரும் அக்காவும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் கடைப்பிடிக்க வேண்டியது இது. பெரியவரிடம், "பேசணும்னா நில்லுங்க, பேசி முடிச்சிட்டு நடங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கோவிலில் ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, இன்னொரு கையில் பேத்தி, வாயில் பேச்சு என்று பொற்றாமரைக்குளத்துப் படியில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். தட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்போன் அடித்தால் எழுந்து ஓடுவது பெரிய ஆபத்து. போன் அவர் உடம்போடு இருக்கட்டும். இடுப்பில் சுருக்குப்பை வைக்கிற அம்மாவுக்கு அதிலேயே கொள்ளும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முதல் தடவை எடுக்கவில்லை என்றால் பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடட்டும், அடுத்தடுத்து அடிக்க வேண்டாம். வாசல் பெல்லுக்கும் இதே கதைதான். பால்காரர், சிலிண்டர்காரர், கூரியர்காரர் யாராக இருந்தாலும் "வர்றேன், நில்லுங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, எழுந்து, பத்து எண்ணி, அப்புறம் நடக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது, எங்கெல்லாம் இரண்டு வேலை ஒன்றாக வந்து சேருகிறது என்று தேடுங்கள். நிலைப்படியில் காலைத் தூக்கவும் வேண்டும், கையில் டம்ளரும் இருக்கும். அங்கே சுவரோரம் ஒரு சின்ன மேசை போட்டால் டம்ளரை வைத்துவிட்டுத் தாண்டலாம். வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு ஈரப் படியில் வாளியோடு ஏற வேண்டும். வாளியை வேறு யாராவது எடுக்கட்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவசரமும் குடமும் ஈரமும் ஒன்றுசேரும். அந்த நேரத்தில் பெரியவர் உட்கார்ந்தே இருக்கட்டும். பழைய சேலையில் தைத்த மிதியடி பாசமாக இருக்கும், ஆனால் ஓரம் சுருண்டால் அதை எடுத்துவிடுங்கள்.

ராத்திரி பாத்ரூம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தூக்கம் கலையாத மூளை, இருட்டு, முட்டிக்கொண்டு வரும் அவசரம், படுத்து எழுந்ததும் இறங்கும் பிரஷர் என நான்கும் அங்கே சேர்கின்றன. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி முழுக்க ஜீரோ வாட் பல்பு எரியட்டும். சுவிட்சைத் தேடுகிற வேலையே இருக்கக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்ததை உணர்ந்து, கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழ வேண்டும். கைப்பிடியைச் சுவரில் துளை போட்டு இறுக்கமாக மாட்டுங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுகிறவர்கள் அதோடு சேர்ந்து விழுவார்கள், அது ஆள் கனத்துக்குச் செய்ததில்லை. தாழ்ப்பாளை உள்ளே போடாமல் இருக்கச் சொல்லுங்கள். மானம் போய்விடும் என்பவர்களுக்குக் கதவில் ஒரு சின்ன மணி கட்டி, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும்படி செய்யலாம்.

பயிற்சி: முதலில் கால், அப்புறம் யோசனையும் காலும்

அன்றாடத்தில் இரண்டு வேலையைப் பிரிக்கச் சொன்னேன். பயிற்சியில் மட்டும், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்க்க வேண்டும். இது முன்னே சொன்னதற்கு எதிரானது போலத் தெரியும். ஆனால் மூளைக்குப் பழக்கம் வர வேறு வழியில்லை.

முதல் சில வாரம் கால் மட்டும். கை வைக்காத நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். ஐந்தில் தொடங்கிப் பத்து வரைக்கும் கொண்டு போகலாம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் விரலுக்கு முன்னால் மறு காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நிற்க வேண்டும். பிடியை விட்டு அப்படிப் பத்து விநாடி நிற்க முடியாவிட்டால் அதுவே விழும் ஆபத்துக்கு ஒரு அடையாளம். மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் வரைக்கும் கொண்டு வர முடிந்தால் பலன் நன்றாக இருக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இப்படிச் சமநிலைக்கும் காலுக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சியால் விழுவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பது, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பின் முடிவு. வெறும் வாக்கிங் மட்டும் போனால் இந்தப் பலன் கிடைக்காது. இதை ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது.

பிறகு யோசனையைச் சேருங்கள். பேசினால் நின்றுவிடுகிறவருக்கு உட்கார்ந்த நிலையில் தொடங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் காலைத் தூக்கியபடி, பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் பஸ் நிறுத்தங்களைச் சொல்லட்டும். அது சுலபமானால் மேடையைப் பிடித்து நின்றபடி. அப்புறம் பிடித்தபடி நடந்து. அதற்கும் அப்புறம்தான் பிடிக்காமல். தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலான ஒரு பயிற்சி நம் பக்கத்துப் பெண்கள் கையிலேயே இருக்கிறது. முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி அடிக்கும்போது பாட்டு வாயில் ஓட வேண்டும், கை தாளத்துக்குத் தட்ட வேண்டும், கால் முன்னே வைத்துப் பின்னே எடுக்க வேண்டும், வட்டம் குலையாமல் பக்கத்து ஆளையும் பார்க்க வேண்டும். கவனத்தைப் பிரித்துக் கொடுக்கும் பயிற்சி வேறு என்ன? ஜெனீவா நகரத்தில் 65 வயதைத் தாண்டிய 134 பேரை வைத்து, பியானோ இசை மாற மாற நடையை மாற்றும் பயிற்சியை வாரம் ஒரு மணி நேரம் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2011-இல் வெளியான முடிவில், பயிற்சி எடுத்தவர்கள் விழுந்தது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதைப் படித்த பிறகு, மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் பார்க்கும் அம்மாச்சியையும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களையும் வேப்பமரத்தடியில் சேர்த்துவிட்டேன். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் இருக்கும். கும்மி மெதுவாகத்தான் நடக்கும், சுற்றல் கிடையாது, குனிந்து தட்டுவது கிடையாது. நான் "மாத்து" என்றால் எதிர்ப்பக்கம் அடி வைக்க வேண்டும். முதலில் "மாத்து" என்றதும் பாட்டு நின்றுபோகும். போகப் போகப் பாட்டும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. அம்மாச்சிதான் இப்போது "மாத்து" சொல்கிறார். ஆண்களுக்குக் கும்மி என்றால் கூச்சம் இருக்கும். ஒயிலாட்டம் தெரிந்த ஐயாக்கள் அந்த அடியையே மெதுவாக வைக்கலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, சளிக்குப் போடும் தூக்கம் வரும் மாத்திரை மூன்றும் மூளையையும் காலையும் சேர்த்தே மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கித் தள்ளாட்டம் வரும். பிரஷரைப் படுத்த நிலையில் பார்த்து, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருந்தை மாற்றி யோசிக்க வேண்டும். பி12 பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் பாதம் மரப்பதும் மறதியும் சேர்ந்தே வரும், ஊசி போட்டால் சரியாகக் கூடியது.

கண்புரையைத் தள்ளிப் போடாதீர்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் அதற்குக் காரணமே சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2005-இல் வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட மூதாட்டிகள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கண்ணாடியோடு படி இறங்கினால் கீழ்ப்பாதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும். நடப்பதற்கு மட்டும் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

நடை மெதுவாகிக் கால் தரையில் ஒட்டினாற்போல் ஆவது, மறதி, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, மூன்றும் சில மாதங்களில் சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூளைக்குள் நீர் தேங்குவதால் வரும் ஒரு நோய் இப்படிக் காட்டும், அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. அரசு இராசாசி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. இரண்டு மூன்று நாளிலேயே நடையும் பேச்சும் குழம்பினால் அது வயதால் வந்ததில்லை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்து இறங்குவது, புதிதாகக் கொடுத்த மருந்து என ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்தால் 108. வெளியே கூட்டிப் போக முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள்.

விழுந்துவிட்டால்

ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, கையையும் முட்டியையும் ஊன்றி, நீங்கள் கொண்டுவந்து வைத்த நாற்காலியைப் பிடித்து, அவராக எழட்டும். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனை போக வேண்டும். மற்றவர்களுக்கும் அடுத்த சில வாரம் தலைவலி, தூங்கிக்கொண்டே இருப்பது, புதுக் குழப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிவது அப்படித்தான் வெளியே தெரியும்.

வலி ஆறியதும், விழுந்த நேரம், இடம், கையில் என்ன இருந்தது, யார் கூப்பிட்டார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போட்டார் என்று தினக்காட்டியின் அந்தத் தேதித் தாளிலேயே எழுதிக் கிழித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே செருப்போடு, நான்கு மீட்டரை மறுபடி அளந்து, சும்மா நடந்த நேரத்தையும் பேசிக்கொண்டு நடந்த நேரத்தையும் அதன் பின்பக்கம் குறியுங்கள். மருத்துவரிடமோ என்னைப் போன்றவர்களிடமோ வரும்போது மாத்திரைப் பையோடு அந்தத் தாள்களையும் கொண்டு வாருங்கள்.